இரண்டு தட்டென்றால் சரி

பக்கத்து வளவில் ஏழு மாடி எழும்புகிறது. வெள்ளவத்தையில் இது ஒரு செய்தியே இல்லை. போன கிழமை தொடக்கம் யன்னல் பூட்டுகிறார்கள். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நான் பல்கனியில் நின்றால், எனக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், தலைக்குத் துணி கட்டிய ஒரு மனிதர் அலுமினியச் சட்டத்தில் துளை போடுவார். பிறகு குறடு மாதிரியான ஒரு சாமானை வைத்து அமத்துவார். டக். ஒரு ரிவெட் போய் இருந்துவிடும். பிறகு அடுத்தது. டக்.

சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை. மணம்தான். அலுமினியத்தைத் துளைக்கும்போது ஒரு மணம் வரும், நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ தெரியாது. மணம் என்றுகூடச் சொல்ல ஏலாது. சில்லறைக் காசுக் குத்தி ஒன்றைப் பல்லுக்கிடையில் கடித்தது போல ஒரு ருசி. அதோடு, துளைக்கும் முனை சூடாகாமல் இருக்கத் தொட்டுக்கொள்ளும் எண்ணெயின் வாசமும் கொஞ்சம். அது மூக்கில் ஏறினால் உடனே எனக்கு வலது தோள் களைத்துப்போகிறது. கந்தோருக்கு வெளிக்கிட முதலே, வேலை முடிந்து வந்தவள் போல இருக்கும்.

அந்த மனிதர் போடுவது பொப் ரிவெட். ஒரு ஆள் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டே போட்டுவிடலாம். யன்னலுக்கு அது போதும். நான் ஒரு காலத்தில் பிடித்தது வேறு சாதி ரிவெட். அதற்கு ரெண்டு பேர் வேணும். வெளியே ஒருவர் மெஷினால் தலையில் அடிக்க, உள்ளே இன்னொருவர் அதன் வாலுக்கு நேரே ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேணும். அடியில் வால் நசுங்கிப் பொத்தான் மாதிரி விரியும். அப்போதுதான் ரெண்டு தகடும் பிரியாமல் சேரும். நாலு வருஷம் நான் அந்த உள்ளே இருக்கும் ஆளாக இருந்தேன். ஆகாய விமானம் ஒன்றுக்கு.

இதைச் சொன்னால் ஆட்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வேலை செய்வது ஒரு காப்புறுதிக் கம்பனியில், வாகன விபத்துப் பிரிவில். அடிபட்ட கதவு, நெளிந்த பொனட் இவற்றின் படங்களைப் பார்த்து, ஆட்கள் எழுதித் தந்திருப்பது உண்மையா பொய்யா என்று யோசிப்பது என் தொழில். விமானத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அத்தானுக்குத்தான் இருந்தது.

அத்தான் என்றால் அக்காவைக் கட்டிய மனிசன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்த நாளிலிருந்து, வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின் அறையில்தான் இருந்தேன். அத்தான் கந்தோர்களுக்குப் போய் ஏசி திருத்துகிறவர். அதிகம் கதைக்காத மனிதர். அக்கா வீட்டு முன் ஹோலில் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுத்தா. ரத்மலானைக்கு இறங்குகிற சின்ன பிளேன்கள் கடலோரமாய் எங்கள் வீட்டுக்கு மேலால்தான் பதிந்து போகும். சத்தம் கேட்டதும் அக்கா பாதிச் சமன்பாட்டில் சோக்கட்டியை நிப்பாட்டிவிடுவா. சத்தம் கரையும் வரைக்கும் கரும்பலகையைப் பார்த்தபடியே நிற்பா. பிள்ளைகள் பகிடி விடும் என்று நினைத்தேன். அவர்களுக்கு அது பழகிவிட்டது. ஊரில் சண்டைக் காலத்தில், அந்தச் சத்தம் கேட்டதும் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள் குதித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் சின்னன், மறந்துவிட்டேன். அக்காவுக்கு விபரம் தெரிகிற வயது, மறக்கவில்லை.

அப்படிப்பட்ட அக்காவைக் கட்டிய மனிதருக்குப் பிளேன் செய்ய ஆசை.

எனக்கு இது முதலில் தெரியாது. கொட்டாஞ்சேனையில் ஒரு 'ஸ்டோர்' எடுத்திருக்கிறார், பழைய ஏசிகளைப் போட்டு வைக்க, என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அக்கா சாப்பாட்டுக் கரியரைக் கையில் தந்து, "நீ ஒருக்காப் போய்க் குடுத்திட்டு வா. அவர் அங்க உண்மையாப் பிளேன் தான் செய்யிறாரோ எண்டு பாத்துக்கொண்டு வா" என்றா. பஸ் முழுக்க அந்த வசனத்தையே யோசித்துக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வார் என்று அக்கா நினைத்தாவோ, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உண்மையாகவே பிளேன்தான். அதாவது, பிளேனின் விலா எலும்புகள். மொத்த வியாபாரி ஒருவர் செத்தல் மிளகாய் அடுக்கி வைத்திருந்த கொட்டகை அது. வெளிநாட்டிலிருந்து வரைபடமும் தகடும் வரவழைத்து, அத்தான் மேசை ஒன்றில் ஒரு செட்டையின், இறக்கையின், எலும்புக்கூட்டை நிமிர்த்தி வைத்திருந்தார். அதன் மேல் தகட்டைப் போர்த்தி, நூற்றுக்கணக்கான சின்னக் கிளிப்களால் பிடித்திருந்தார். ரிவெட் அடிக்கும் வரைக்கும் துளைகள் நகராமல் இருக்க அந்தக் கிளிப். தூரத்திலிருந்து பார்க்க முள்ளம்பன்றி ஒன்று படுத்திருப்பது போல இருந்தது. அத்தான் எனக்குக் காட்டவென்று காற்று மெஷினைப் போட்டார். கூரை வளை மேலே வருஷக்கணக்காய்ப் படிந்திருந்த மிளகாய்த் தூள் முழுதும் காற்றில் எழும்பியது. அத்தான் அழ, நான் அழ, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியில் ஓடினோம். எதிர் வீட்டு மனிசி வாசலில் நின்று யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டா.

முதல் அவருக்கு உள்ளே இரும்புக் கட்டியைப் பிடித்துக் கொடுத்த சிநேகிதர் அந்த மாதம்தான் கனடாவுக்குப் போயிருந்தார். பிடிக்க ஆளில்லாமல் வேலை நின்றிருந்தது. "ஒரு நிமிஷம் இதைப் பிடியும் பிள்ளை" என்று அத்தான் அன்று சொன்னார். அந்த ஒரு நிமிஷம் நாலு வருஷமாய்ப் போனது.

காற்றில் ஓடும் அந்த அடிக்கிற சாமானுக்கு ஆங்கிலத்தில் 'ரிவெட் கன்' என்று பெயர். ஆனால் கொழும்பில் தமிழர் ரெண்டு பேர் ரெலிபோனில் "கன் எங்க வச்சனீர்?" என்று கதைக்க ஏலுமோ? சண்டை முடிந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. அதனால் அக்கா அதற்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தா. சத்தமும் அப்படித்தான், டர்ர்ர் என்று.

முதல் ஒரு மாதம் அத்தான் என்னைப் பிளேனில் தொட விடவில்லை. மிச்சத் தகட்டுத் துண்டுகளில் பழகினோம். துளை போட்டால் அதன் விளிம்பில் மயிர் போலப் பிசிறு நிற்கும். அதை வழிக்க வேணும். வழிக்காவிட்டால் தகடு ரெண்டும் ஒட்டி இராது. மேலே வழுவழு என்று இருக்க வேண்டிய இடத்தில் துளையைச் சுற்றிக் குழி அமத்தி, ரிவெட்டின் தலை அதற்குள் பதியப் போட வேணும். பிறகு கட்டியை நேராகப் பிடிக்க வேணும். இந்த 'நேராக' என்பதில்தான் என் சீவன் போனது. கை ஒரு நூல் சரிந்தாலும் வால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பலமாய் அழுத்தினால் தகடு வெளியே தள்ளும். மெல்லப் பிடித்தால் கட்டி துள்ளி எங்கேயாவது குத்தும். என் சுட்டு விரல் நகம் இன்றைக்கும் கோணலாய்த்தான் வளர்கிறது. வெளியே மரங்கொத்தி வழுக்கினால் ரிவெட்டின் தலையில் பிறை போல ஒரு வெட்டு விழும். "சிரிக்குது" என்பார் அத்தான். சிரிக்கிற ரிவெட்டைப் பார்த்து அவர் சிரித்ததில்லை.

காதில் மூடி போட்டிருப்போம், காற்று மெஷினும் இரையும். கதைக்க ஏலாது. அதனால் கட்டியால் தகட்டைத் தட்டிச் சொல்வது. ஒரு தட்டென்றால், காணாது, இன்னும் அடி. இரண்டு தட்டென்றால் சரி. மூன்று தட்டென்றால் பழுது, கழற்ற வேணும். கழற்றுவது என்றால் தலையை நடுவில் துளைத்து, உடைத்து, வாலைத் தட்டி எடுத்து, துளை பெருக்காமல் திரும்பப் போடுவது. நான் மூன்று தட்டினால் வெளியே சத்தம் நின்றுபோகும். அத்தான் ஏச மாட்டார். துளைக்கும் மெஷினை எடுத்து வருவார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கட்டிகள் எங்களுக்குத் தந்தது நிஸாம் நானா. மாளிகாவத்தையில் பஸ்ஸுக்குத் தகட்டு உடம்பு, அதாவது பொடி, அடிக்கிறவர். லொறியின் பழைய இரும்பை அறுத்து, மூலைகளை மினுக்கி, என் உள்ளங்கைக்கு அளவாக நாலு விதத்தில் செய்து தந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வந்து ஒரு பீப்பாயில் இருந்து பார்ப்பார். ஒரு நாள், நல்லாயிருந்த ஒரு ரிவெட்டை அத்தான் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றியபோது, நான் நானாவைப் பார்த்தேன், எனக்காக ஏதாவது சொல்வார் என்று.

"பஸ்ஸுக்கு நாங்க இவ்வளவு பாக்கிற இல்ல மகள்" என்றார் அவர். "பஸ் நிண்டா எறங்கித் தள்ளலாம். இது மேல நிண்டா எங்க எறங்குற?"

பொலிசும் ஒரு நாள் வந்தது. சத்தம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு பேர். பெரியவர் உள்ளே வந்து, செட்டை இல்லாத அந்த உடம்பைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். "மே மொகக்த?" இது என்ன என்று. அத்தான் பிளேன் என்றார். பொலிஸ்காரர் இன்னொரு வட்டம் நடந்து, "இகிலெனவத?" என்றார். பறக்குமா என்று. "தாம நே சேர்" என்றார் அத்தான், இன்னும் இல்லை. பிறகு அனுமதிக் கடிதங்கள் அடுக்கிய தடித்த ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். அந்தப் பிளேனில் எதற்குப் பாரம் அதிகம் என்றால் அந்த ஃபைலுக்குத்தான் என்று நான் நினைப்பதுண்டு. பொலிஸ்காரர் அதை ரெண்டு தாள் புரட்டிவிட்டு மூடினார். வெளிக்கிட முதல், சீற் இன்னும் பூட்டாத இடத்தில் குந்தி இருந்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். எட்டு மணிக்குப் பிறகு அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இவ்வளவும் சொல்வது, நான் சொல்ல வந்ததைச் சொல்ல மனம் வராததால். சரி, சொல்கிறேன்.

அது சித்திரை மாதம். பிளேன் உடம்பின் பின்பாதி, போகப் போக ஒடுங்கி வாலில் முடியும் பகுதி. அதற்குள் போக அத்தானின் தோளுக்கு இடமில்லை. நான் ஒரு பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு போவேன். கடைசி அறைக்கு அதுவும் ஏலாது. குறுக்குத் தகட்டில் இருக்கும் ஓட்டைக்குள்ளால் கையை மட்டும் விட்டு, கண்ணால் காணாமல், விரலால் தடவித்தான் பிடிக்க வேணும். மேலே அஸ்பெஸ்ரஸ் கூரை. அந்தக் கிழமை கந்தோரில் வெள்ளத்தில் நின்ற வாகனங்களின் விண்ணப்பங்கள் மலை போல. அஞ்சு நாளும் நான் மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்திருந்தேன். சனிக்கிழமை காலை அக்கா, "உனக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு, போகாத" என்றா. வால் மூட்டினால் பெரிய வேலை ஒன்று முடியும், அதனால் போனேன்.

இடப்பக்கக் கீழ் வரிசை. முதல் ஏழோ எட்டோ சரியாய்ப் போனது. பிறகு ஒன்று சாய்ந்தது. விரலால் தடவினேன். பொத்தான் மாதிரி இருக்கவில்லை; உடைந்த பல்லு மாதிரி ஒரு பக்கம் சரிந்திருந்தது. மூன்று தட்ட வேணும். தட்டினால் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலமும் நான் அந்தக் குழாய்க்குள் வேர்த்து ஊறிக் கிடக்க வேணும். வெளியே அத்தான் காத்துக்கொண்டு நிற்கிறார்.

இரண்டு தட்டினேன்.

உடனே அடுத்த துளைக்குப் போனார். எவ்வளவு லேசாய் இருந்தது தெரியுமா? அதுதான் பிழை. அடுத்ததும் சரிந்தபோது யோசிக்கவே இல்லை. அன்றைக்கு மொத்தம் பதினொன்று. நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று கேட்டால் தெரியாது. பொய் சொல்லுகிறவர்கள் ஏன் அவ்வளவு விபரமாய் எழுதுகிறார்கள் என்று கந்தோரில் யோசிப்பேன். அந்த மாதிரி ஏதோ.

அடுத்த கிழமை அத்தான் சின்னக் கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டி, ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கண்ணாடிக்கு எட்டியது முதல் எட்டும்தான். அவை வடிவாய் இருந்தன. பிளேன் வேலை தெரிந்த ஒரு பெரியவரும் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வால் செட்டைகளைப் பூட்டினோம். மேலால் மூடினோம். அத்தான் தன் கணக்குக்குப் பெரிய கொண்டாட்டமாய் வீட்டில் மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். நான் பல்லுக் கூசுகிறது என்று சொல்லிப் பாதியில் வைத்தேன்.

பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லாமல் திரிந்தேன். செட்டை முடிந்தது. என்ஜின் வந்தது. ஒவ்வொரு கிழமையும் சொல்லலாம் என்று போவேன்; சொன்னால் எவ்வளவு வேலை திரும்பக் கழற்ற வேணும் என்று யோசிக்கவே கை சோர்ந்துவிடும். இது பறக்கப் போவதில்லை, இந்த நாட்டில் கடைசி அனுமதி கிடைக்கப் போவதில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனையோ ரிவெட் இருக்கிற ஒரு சாமானில் பதினொன்று என்ன செய்யும் என்றும் சொல்லிப் பார்த்தேன். நிஸாம் நானா வந்து பீப்பாயில் குந்தினால் மட்டும் நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

கடைசி அனுமதியும் கிட்டியது. அதாவது, பரீட்சைப் பறப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கடிதம். அன்று பின்னேரம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புட்டும் மீன் குழம்பும். அத்தான் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு மடித்தார். முதல் கொஞ்ச நாள் ஓட்டுகிறவர் மட்டும்தான், பிறகு பக்கத்தில் ஒரு ஆளை ஏத்தலாம் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஏன் அவளைப் பாக்கிறியள்?" என்றா அக்கா. "நானெல்லோ ஏற வேணும்."

அத்தான் குழைத்த புட்டைத் திரும்பக் கோப்பையில் வைத்தார்.

"உமக்குப் பயமெல்லே."

"பயம்தான். சின்ன வயசில இருந்து கீழ நிண்டுதானே பயந்தனான். ஒருக்கா மேல இருந்து பாப்பம்." அக்கா குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினா. "நீங்கள் ரெண்டு பேரும் சேந்து செய்தது. அதில ஏறப் பயப்பிட்டா, பிறகு நான் எதில ஏறுறது?"

நான் மிச்சப் புட்டோடு கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனேன்.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி லீவு. அத்தானுக்கு முதலே கொட்டாஞ்சேனைக்குப் போய் வாசலில் நின்றேன். அவர் பூட்டைத் திறந்து, யன்னலைத் திறந்து, காற்று மெஷினைப் போடக் குனிந்தபோது சொன்னேன். போட்ட பிறகு சொல்ல ஏலாது.

"அத்தான், வால் நுனியில நான் பொய்யா ரெண்டு தட்டினனான்."

அவர் நிமிர்ந்தார். "எத்தினை?"

"பதினொண்டு. இடப்பக்கம், கீழ்."

"எண்ணினீரோ?"

"ஓம்."

ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை ஏற்கனவே சுத்தமாய்த்தான் இருந்தது. நிறைய நேரம் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நேரா இருக்கிறதுக்கு அடிக்கேக்க கையில ஒரு மாதிரி உதைக்கும். சரிஞ்சா வேற மாதிரி. அண்டைக்கு நாலைஞ்சு அப்பிடித்தான் உதைச்சது. நீர் ரெண்டு தட்டினீர். நான் நம்பினன்." துணியை மடித்து மேசையில் வைத்தார். "நானும் களைச்சுப்போய்த்தான் நிண்டனான் பிள்ளை. நம்பினா வீட்ட போகலாம்."

அன்றைக்கே வால் செட்டைகளைக் கழற்றத் தொடங்கினோம். நிஸாம் நானா தன் ஆட்கள் ரெண்டு பேரோடு வந்து உடம்பைத் தூக்கிப் பிடித்தார்; என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கடைசி அறையின் கீழ்த் தகட்டைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தபோது பழுது பதினாலு இருந்தது. அதாவது மூன்று, நான் நல்லதென்று நினைத்தே இரண்டு தட்டியவை. அந்த மூன்றும்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது, இன்றைக்கும் செய்கிறது. மற்றதற்கெல்லாம் களைப்பு என்று ஒரு காரணம் சொல்லலாம்.

சாய்ந்த வால்கள் துளைகளை முட்டை வடிவமாய் இழுத்திருந்தன. திரும்பப் போட ஏலாது. அந்தத் தகடும், அது பொருந்தும் நீட்டுச் சட்டமும் புதிதாய் வேணும். அத்தான் வெளிநாட்டுக்கு எழுதினார். வந்துவிடும், மூன்று மாதம் என்றார்கள்.

மூன்று மாதத்தில் நாட்டில் டொலர் முடிந்துவிட்டது. அந்த வருஷத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; நீங்களும் எங்கேயாவது ஒரு வரிசையில் நின்றிருப்பீர்கள். பெற்றோலுக்கு, சமையல் காஸுக்கு, பால்மாவுக்கு. மருந்துக்கே கப்பலில் இடமில்லாதபோது ஒரு அலுமினியத் தகட்டுக்கு யார் கடிதம் எழுதுவது? அத்தான் எழுதினார். ஒவ்வொரு மாதமும் எழுதினார். பிறகு எழுதுவதை விட்டார். கரண்ட் இல்லாத கந்தோர்களுக்கு ஏசி எதற்கு; அவருக்கு வேலையும் நின்றது. அக்காவின் ரியூஷன் பிள்ளைகள் பஸ் இல்லாமல் ஒவ்வொருவராய்க் குறைந்தார்கள். கொட்டகைக்காரர் வளவை விற்கப் போவதாகச் சொன்னார். கனடாவுக்குப் போன அந்தப் பழைய சிநேகிதர் கடிதம் அனுப்பி, அத்தானையும் அக்காவையும் அங்கே கூப்பிட ஒழுங்கு செய்தார்.

என்ஜினை ஒருவர் வாங்கிக்கொண்டார். செட்டையையும் உடம்பையும் தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்று எடுத்தது, படிக்கிறவர்கள் துளைத்தும் அடித்தும் பழகுவதற்கு. நிஸாம் நானாவின் லொறியில்தான் போனது. அத்தான் கூடப் போகவில்லை. எனக்கும் கந்தோர் இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். ரெண்டு வருஷத்துக்குள் அந்தக் கூடமும் வேறிடத்துக்கு மாறிவிட்டது. எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

அவர்கள் போய் இறங்கிய கிழமை அக்கா ரெலிபோன் எடுத்தா. குளிர், சாமான் விலை, புது அடுப்பு எல்லாம் சொல்லிவிட்டு, பிளேனில் பயந்தாவோ என்று நான் கேட்டதற்கு, "நான் நித்திரையாப் போனன்" என்றா. "அவர்தான் வழி முழுக்க முழிச்சிருந்து செட்டையையே பாத்துக்கொண்டு வந்தவர். தந்த சாப்பாட்டையும் தொடேல்லை."

அத்தானுக்கு இப்போது காது சரியாய்க் கேளாது. மூடி போட்டும் மரங்கொத்தி தன் வேலையைச் செய்திருக்கிறது. அங்கே ஒரு சாமான் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில் அக்கா கதைத்து முடிய, ரெண்டு வார்த்தை அவரும் கதைப்பார். பிளேன் பற்றி அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஒரேயொரு தடவை எடுத்தேன்.

"அத்தான், நான் அண்டைக்குச் சொல்லாம விட்டிருந்தா, டொலர் முடிய முதல் அது பறந்திருக்கும், என்ன?"

அவருக்குக் கேட்கவில்லை. "என்ன பிள்ளை?" என்றார். அதைச் சத்தம் போட்டு, ஒவ்வொரு சொல்லாய், இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கேள்வியை அப்படிக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஓம்" என்றார். "பறந்திருக்கும்."

போனை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"அக்காவும் ஏறியிருப்பா" என்றார்.

குற்றமாய்ச் சொன்னாரா, நன்றியாய்ச் சொன்னாரா என்று நான் பிரித்துப் பார்க்கப் போகவில்லை. ரெண்டும் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த வீடு இப்போது இல்லை. நிஸாம் நானா போன நோன்புக்கு முதல் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்; அவருடைய மகன்மாருக்கு பஸ் பொடியில் விருப்பமில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் போக எனக்கு அலுவல் ஒன்றும் வருவதில்லை. போன மாதம் ஒரு செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, வெயிலில் கால் தானாகவே அந்த ஒழுங்கைக்குள் திரும்பியது. கொட்டகை நின்ற இடத்தில் ஒரு கலியாண மண்டபத்தின் வாகனத் தரிப்பிடம். சீமெந்துத் தரையில் மஞ்சள் கோடு கீறி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் போட்டிருந்தார்கள். எது எங்கே இருந்தது என்று மதில்களை வைத்துக் கணிக்கப் பார்த்தேன். மதில்களும் புதிது.

நிழலில் கதிரை போட்டு இருந்த காவலாளி எழும்பி வந்து, யார் வேணும் என்று சிங்களத்தில் கேட்டார்.

"கவுருவத் நே மல்லி" என்றேன். ஒருத்தரும் இல்லை, தம்பி.

அவர் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.